வேகக் குதிரைக்குச் சிக்கனக் கடிவாளம்

பள்ளி விடுமுறை ஒன்றில் என் தங்கை குடும்பம் கெந்திங் மலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டியவன் தங்கையின் மூத்த மகன். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இப்போது மலாக்காவில் தொழிற்சாலை வேலை. வண்டி, அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய புரோட்டோன் சத்ரியா.

மலை இறக்கத்தில் பாதி வழி வந்தபோது கருகிய நாற்றம் வீசியது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தான். மிதி பஞ்சு போல் உள்ளே இறங்கியது, வண்டி நிற்கவில்லை. நல்லவேளையாகக் கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஓரமாக ஒதுக்கிவிட்டான். பின் இருக்கையில் அவன் தாயும் பாட்டியும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவாரம் என்னிடம் வந்தான். நான் முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவன் என்பதால் இப்படிப்பட்ட விஷயங்களுக்கு என்னைத் தேடி வருவான்.

"மாமா, பெரிய பிரேக் மாட்டப் போகிறேன். நாலு பிஸ்டன் காலிப்பர், ஓட்டை போட்ட டிஸ்க்."

"கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் மாப்பிள்ளை?"

"ஆயிரம் வெள்ளி."

"அப்படியானால் முதலில் போர்மேனிடம் போய் வண்டியைத் தூக்கிப் பார்ப்போம்" என்றேன்.

பட்டணத்துப் பட்டறையில் போர்மேன் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் ஆயில் கோப்பி ஓ போல் கறுத்திருந்தது. முன் பேட் இரண்டும் தேய்ந்து, மேல்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தது. டயரில் பூ இருந்தது. ஆனால் ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தது. "பிரேக் சின்னது என்பதால் இல்லை; பார்க்காமல் விட்டதால் வந்த வினை" என்றார் அவர்.

இப்படிப்பட்ட வண்டி இன்று நம் பல வீட்டு வாசலில் நிற்கிறது. ஆகவே அன்று கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சின்ன வண்டி, பெரிய ஆசை

குடும்பம் ஏறும் சிறு காரில் பலமான எஞ்சினை வைக்கும் வழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது 1976-இல் விற்பனைக்கு வந்த ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. நம் நாட்டில் 1994-இல் சத்ரியா வந்தது. 1998-இல் அதன் ஜி.டி.ஐ. ரகம் 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்தபோது இளைஞர்கள் சொக்கிப்போனார்கள். அந்த ரகத்துக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சாதாரண சத்ரியாவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பலர் சாதாரண வண்டிக்கு ஜி.டி.ஐ. வேஷம் கட்டிவிட்டு, ஜி.டி.ஐ. வேகத்தையும் எதிர்பார்க்கிறார்கள். அடங்கிப் போக வேண்டிய பிரேக்கை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பிரேக் என்பது ஓர் அடுப்பு

பிரேக் செய்யும் வேலை ஒன்றுதான்: வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. 1,000 கிலோ எடையுள்ள கார் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒரே மிதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிறக்கும் சூடு, ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இவ்வளவும் நான்கைந்து வினாடியில் நடந்து முடிகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 55-இல் ஓடும் வண்டிக்குப் போதுமான பிரேக், 110-இல் நான்கு மடங்கு உழைக்க வேண்டும்.

மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆறவே நேரமில்லை. பேட் பிடிப்பை இழக்கும். சூடு ஆயிலுக்கும் ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நம் நாட்டு ஈரக் காற்றில் அது வேகமாக நடக்கும். ஈரமேறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவி அழுங்கக்கூடியது; ஆகவே மிதித்தால் மிதி உள்ளே போகும், சக்கரத்துக்குப் பலம் போகாது. என் மருமகனுக்கு நேர்ந்தது இதுதான்.

ஆயில் டப்பாவில் டாட் என்ற குறியைப் பாருங்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரமேறினால் 140 டிகிரிதான். டாட் 4 புதிதில் 230, ஈரமேறினால் 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

காசு போக வேண்டிய வரிசை

வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயர் தரையைப் பிடிக்கும் பிடிதான். இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பூட்ட முடிகிறது என்றால், பெரிய காலிப்பர் மாட்டினாலும் ஒரே மிதியில் நிற்கும் தூரம் குறையாது. பெரிய பிரேக் தருவது, சூட்டைப் பலமுறை தாங்கும் சக்தி. ஆகவே கையில் குறைவாகக் காசிருந்தால் இப்படிச் செலவு செய்யுங்கள்.

முதலில் டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்து 23-ஆம் வாரம். பூ இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, புதிய டாட் 4 ஆயில். செலவு மிகக் குறைவு. பலன் மிகப் பெரிது.

மூன்றாவது, முன் சக்கரத்துக்குத் தரமான பேட். முன் எஞ்சின் வண்டி பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாயும். வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குக்குத்தான். பந்தயப் பேட் வேண்டாம். அது சூடேறிய பிறகே கடிக்கும், காலையில் தோட்டத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு விடும் வண்டிக்கு ஆகாது.

நான்காவது டிஸ்க். குறைந்தபட்சத் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். சாதாரண டிஸ்க் போதும். ஓட்டை போட்ட மலிவு டிஸ்க்கில் ஓட்டையிலிருந்து வெடிப்பு விடும்.

ஐந்தாவது, பின் டிரம்மைத் துடைத்து, ஷூவைச் சரியாக அமைத்து, ரப்பர் குழாய்களைப் பார்ப்பது. உப்பிய குழாயை மாற்றுங்கள். இரும்பு வலை சுற்றிய குழாய் மிதியைக் கெட்டியாக்கும், பலத்தைக் கூட்டாது.

பொத்தோங் கடைக்குப் போகுமுன்

இவ்வளவும் முடித்த பிறகும் காசு மிஞ்சினால் பெரிய பிரேக்கைப் பற்றி யோசிக்கலாம். சத்ரியா மிட்சுபிஷி வழி வந்த வண்டி. அதனால் புரோட்டோன் புத்ரா, சத்ரியா ஜி.டி.ஐ. போன்ற வண்டிகளின் பிரேக்கைக் கழற்றிச் சாதாரண சத்ரியாவில் மாட்டுவது நம் நாட்டில் பழகிப்போன வழி. பொத்தோங் கடையில் வாங்கினால் பிஸ்டன் துருவேறியிருக்கிறதா, டிஸ்க் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீல் கிட்டும் ரப்பர் குழாயும் புதிதாகவே வாங்குங்கள். பெரிய டிஸ்க் உங்கள் ரிம்முக்குள் அடங்குமா என்பதை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். மாஸ்டர் பம்பு பொருந்தாவிட்டால் மிதி நீண்டுபோகும். பின் பிரேக்கை மட்டும் பலமாக்கினால் மழையில் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். மாற்றுவதற்கு முன் ஜே.பி.ஜே.யிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலே செய்பவர்கள் நான்கு காரியங்களை மறக்கக்கூடாது. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டாதீர்கள், தாங்கி வையுங்கள். பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். ரப்பர் உப்பி, பிரேக் மொத்தமும் கெடும். பழைய தூசியை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். புதுப் பேட் மாட்டியதும் வண்டியை எடுக்குமுன் மிதி கெட்டியாகும்வரை மிதித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் 60-இலிருந்து 20-க்கு மெதுவாகக் குறைத்து, இடைவெளி விட்டுப் பத்துமுறை பழக்குங்கள்.

செம்மண் சேறும் ஓடைத் தண்ணீரும் கடந்து வரும் தோட்டத்துப் பாதையில் பேட் நனைந்தால் முதல் மிதி வழுக்கும். தார்ச்சாலை ஏறியதும் லேசாக மிதித்துக் காய வையுங்கள்.

என் மருமகனின் ஆயிரம் வெள்ளி இரண்டு முன் டயர், ஆயில், பேட், டிஸ்க், கூலி என்று முடிந்தது. நாலு பிஸ்டன் காலிப்பர் இன்னும் அவன் கைப்பேசியில் படமாகத்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் மறுபடியும் மலை ஏறினார்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைத் தாங்கும்படி வந்தானாம். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அழுத்தி மிதித்து, காலை எடுத்து, பிரேக்கை ஆறவிட்டானாம். நாற்றமும் இல்லை, மிதியும் இறங்கவில்லை. பாட்டி வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தார் என்று தங்கை சொன்னாள்.

பிள்ளைகள் வண்டிக்குச் செலவு செய்வதைப் பெற்றோர்கள் தடுக்க வேண்டியதில்லை. சாயத்துக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்குமுன், பிரேக் ஆயில் எந்த வருடம் மாற்றியது என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த வாரச் சம்பளத்தில் முதல் செலவு எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.