வேரை அடைக்கும் சிமென்ட்: நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள்

ரூட் கெனால் சிகிச்சைக்குச் செல்பவரிடம் சில கிளினிக்குகள் இரண்டு கட்டணம் சொல்கின்றன: சாதாரண சீலருக்கு ஒன்று, பயோசெராமிக் சீலருக்கு ஒன்று. விலை கூடினால் பல் நெடுநாள் நிற்கும் என்று நோயாளி எண்ணுவது இயல்புதான். ஆனால் வேர்க்குழாயை நிரப்புவதில் பெரும்பங்கு கட்டா-பெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற மெல்லிய குச்சிக்கு உரியது. அதன் மேல் சீலர் எனப்படும் சிமென்ட் பசையைத் தடவி உள்ளே செலுத்துகிறார்கள். குச்சிக்கும் வேர்ச்சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பசை அடைக்கிறது. சர்வதேசத் தரச் சோதனையில் அந்தப் படலம் 50 மைக்ரானைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இந்தப் படலத்தின் பிராண்டைவிட, அதைப் பூசுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையே பல்லின் ஆயுளை அதிகம் தீர்மானிக்கிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் முன்னால் நடக்கும் வேலை. 1965இல் ஆய்வாளர் ககேஹாஷியும் அவருடைய சகாக்களும் எலிகளின் பற்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்குப் பல்கூழ் ஆறியது. சாதாரண எலிகளுக்கு அழுகியது. ஆகவே எச்சில் உள்ளே வராமல் ரப்பர் டேம் கட்டி, ஹைப்போகுளோரைட் கரைசலால் குழாயைக் கழுவிச் சுத்தம் செய்வதே சிகிச்சையின் உயிர். அதற்கு எந்தச் சிமென்ட்டும் ஈடாகாது. இனி பின்னால் நடக்கும் வேலை. 1995இல் ரே, ட்ரோப் என்னும் ஆய்வாளர்கள் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். வேர் நிரப்பலும் மேல் அடைப்பும் நன்றாக இருந்த பற்களில் சுமார் 91 சதவீதத்தில் வேர்நுனி அழற்சி தென்படவில்லை. வேர் நிரப்பல் நன்றாக இருந்தும் மேல் அடைப்பு மோசமானவற்றில் அழற்சி தென்படாத பற்களின் பங்கு 44 சதவீதமாகச் சரிந்தது. எக்ஸ்ரே மட்டும் முழுக் கதையையும் சொல்லாது என்றாலும், கேப் போடுவதைத் தள்ளிப்போடுவோருக்கு இது போதுமான எச்சரிக்கை.

பயோசெராமிக் உண்மையிலேயே மேலானது ஆயிற்றே என்று கேட்கலாம். அதன் காரத்தன்மை கிருமிக்கு உகந்ததல்ல, ஈரத்திலேயே இறுகும், திசுவோடு ஒத்துப்போகும், எல்லாம் சரி. துத்தநாக ஆக்சைடு-யூஜினால் வகை காலப்போக்கில் கொஞ்சம் கரையும் என்பதும் சரி. ஆனால் ஒரு சிமென்ட் மற்றொன்றைவிடக் கசிவைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் பிடுங்கிய பற்களை வைத்துக் காட்டுவது வேறு, வாயில் உள்ள பல் பிழைப்பது வேறு. இத்தகைய கசிவு ஆய்வுகளின் மருத்துவப் பயனை ‘ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்’ ஆசிரியர் குழுவே 2007இல் கேள்விக்குள்ளாக்கியது. பயோசெராமிக் அல்லாத எபாக்ஸி ரெசின் சீலரே நெடுங்காலமாக ஒப்பீட்டுக்கான அளவுகோலாக இருந்துவருகிறது. பொருள் தேர்வு பெரிதாகும் இடங்களும் உண்டு: வேரில் ஓட்டை விழுந்தால், சிறுவரின் வேர்நுனி முழுமையாக மூடாமல் இருந்தால், நுனியை அறுத்து அடைக்க வேண்டியிருந்தால். அங்கே 1990களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் உருவாக்கிய எம்டிஏ என்னும் சிமென்ட் வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்தான்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசையை எந்தச் சலுகைக்கும் ஏற்காதீர்கள். அது வேர்நுனியைத் தாண்டிக் கீழ்த்தாடை நரம்பைத் தொட்டால் உதடும் முகவாயும் நிரந்தரமாக மரத்துப்போகலாம். மற்றப் பசைகளும் நரம்புக் குழாய்க்குள் போனால் கேடுதான். மரப்பு ஊசியின் வீரியம் இறங்க வேண்டிய நேரம் கடந்தும் உதடு மரத்தேயிருந்தால், அல்லது எரிச்சலோடு வலித்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

இதெல்லாம் மருத்துவரின் வேலை, நோயாளிக்கு எதற்கு என்பது பழைய வாதம். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லியே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பொருளின் பெயர், ரப்பர் டேம் உண்டா, கேப் எப்போது என்பதைக் கேளுங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயின் நகல், பொருளின் பெயரோடு ரசீது, இரண்டையும் வாங்கி வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால், பல் ஆறவில்லை என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது. நியாயமான திறமையுள்ள மருத்துவர் காட்டும் கவனம் தவறியதா என்றே விசாரிப்போர் பார்ப்பார்கள். அதற்கு அந்த நகல்களும் இன்னொரு எண்டோடான்டிஸ்ட்டின் எழுத்துபூர்வக் கருத்தும் வேண்டும். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். சிகிச்சைக் கட்டணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நடத்தை பற்றிய புகாரை மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலிடம் தனியாகக் கொடுக்கலாம்.