மதுரைச் சித்திரைத் திருவிழா: அழகர் ஆற்றில் இறங்குவது ஏன்?

மதுரைச் சித்திரைத் திருவிழா என்பது ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் மதுரையில் நடைபெறும் பெருவிழா ஆகும். இது ஒரே விழாவாகத் தோன்றினாலும் உண்மையில் இரண்டு கோயில்களின் விழாக்கள் சேர்ந்தது. ஒன்று, மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நடக்கும் திருக்கல்யாண விழா. மற்றொன்று, நகருக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து வைகை ஆற்றில் இறங்கும் விழா. முன்னது சைவக் கோயில். பின்னது 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான திருமாலிருஞ்சோலை.

மீனாட்சி திருக்கல்யாணம்

மீனாட்சி கோயில் விழா கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் தோன்றிய மகள் தடாதகை; அவளே மீனாட்சி என்பது திருவிளையாடற் புராணம் கூறும் வரலாறு. அவள் முடிசூடி, எண்திசையும் வென்று, கயிலையில் சிவபெருமானைக் கண்டு மணந்தாள். விழா நாட்களும் இக்கதையின் வரிசையிலேயே அமைந்துள்ளன.

எட்டாம் நாள்: பட்டாபிஷேகம்
ஒன்பதாம் நாள்: திக்குவிஜயம்
பத்தாம் நாள்: திருக்கல்யாணம்
பதினோராம் நாள்: தேரோட்டம்

பட்டாபிஷேகம் முதல் நான்கு மாதங்கள் மதுரையில் மீனாட்சியின் ஆட்சி என்பது ஐதிகம். ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டப்படுகிறது. திருக்கல்யாணம் நடக்கும் நேரத்தில் பெண்கள் தங்கள் வீட்டிலேயும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம்.

அழகரின் பயணம்

திருக்கல்யாணம் நடந்த பின்னரே அழகர் தம் மலையடிவாரக் கோயிலிலிருந்து புறப்படுகிறார். கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்பு ஏந்திக் கள்ளர் கோலத்தில் வருவதால் கள்ளழகர் எனப்படுகிறார். காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றபின், வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபங்களில் தங்கித் தங்கி வருகிறார். இவை மண்டகப்படிகள் எனப்படும். நகர எல்லையில் மக்கள் அவரை எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிய மாலையை அணிந்துகொண்டு, சித்ரா பௌர்ணமி அன்று விடியற்காலையில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அன்று அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மக்கள் ஆவலோடு பார்ப்பர். பச்சைப் பட்டு என்றால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை.

தாமதமாக வந்த அண்ணன்: மக்கள் கதை

அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார் என்று மதுரைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்வார்கள். அழகர் மீனாட்சிக்கு அண்ணன். தங்கையின் திருமணத்துக்குச் சீர்வரிசையோடு வருகிறார். வழியில் தாமதமாகிவிடுகிறது. ஆற்றங்கரைக்கு வரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்படுகிறார். கோபம் கொண்டு, ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்பி வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்கிவிட்டு, மலைக்கே போய்விடுகிறார்.

இக்கதை எந்தப் புராணத்திலும் இல்லை. கோயில் சடங்குகளும் இதனோடு பொருந்துவதில்லை. திருக்கல்யாணத்தின்போது திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து, பெண்ணின் அண்ணன் என்ற முறையில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மீனாட்சி கோயிலின் புகழ்பெற்ற திருக்கல்யாணச் சிற்பத்திலும் திருமால் தாரை வார்ப்பதையே காண்கிறோம். அதாவது, சடங்கின்படி அண்ணன் மணமேடையிலேயே இருக்கிறார். வண்டியூரிலும் அழகர் தங்குவது வீரராகவப் பெருமாள் கோயிலில்தான்.

மண்டூக முனிவர்: கோயில் கூறும் காரணம்

கோயில் வழக்கின்படி அழகர் வருவது திருமணத்துக்காக அல்ல. சுதபஸ் என்ற முனிவர் நீராடிக்கொண்டிருந்தபோது துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. சினங்கொண்ட துர்வாசர் அவரைத் தவளையாகும்படி சபித்தார். மண்டூகம் என்றால் தவளை. மண்டூக முனிவர் வைகைக் கரையில் தவமிருக்க, அழகர் வந்து சாபவிமோசனம் அளித்தார். இன்றும் ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர் அருகே வைகையில் உள்ள தேனூர் மண்டபத்தில், கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்கு மோட்சம் அளிக்கும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடியவிடிய தசாவதாரக் காட்சியும், அதற்கு அடுத்த இரவு பூப்பல்லக்கும் நடக்கும். பின்னர் அழகர் மலைக்குத் திரும்புகிறார்.

இரு விழாக்கள் இணைந்த வரலாறு

மண்டபத்தின் பெயரில் உள்ள தேனூர் என்ற சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. முற்காலத்தில் அழகர் மதுரைக்கு வரவில்லை. மதுரைக்கு மேற்கே, சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் உள்ள தேனூருக்கே சென்றுவந்தார். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. மதுரையில் விழா உலா நடந்த மாதத்தின் பெயரே வீதிக்கும் அமைந்தது. இன்று சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதிகளில் ஓடுவது அந்தப் பழைய வழக்கத்தின் சுவடு.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் திருக்கல்யாணம் சித்திரைக்கு மாற்றப்பட்டு, அழகரின் பயணமும் மதுரைக்குத் திருப்பப்பட்டது என்று கருதப்படுகிறது. அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்வாக இருக்கும் காலம் சித்திரை. பெருந்தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். மேலும், நகரத்துச் சைவ விழாவும் கிராமத்து வைணவ விழாவும் ஒன்றுசேர்ந்தன.

விழாவை அரசர் இணைத்தார். ஆனால் இரண்டு தெய்வங்களும் விழாவில் எங்கும் சந்திப்பதில்லை. அடுத்தடுத்த நாட்களில் ஒரே ஊரில் இருந்தும் அண்ணன் ஏன் தங்கை வீட்டுக்குப் போகவில்லை? இந்தக் கேள்விக்கு மண்டூக முனிவர் கதையில் விடை இல்லை. மக்கள் தங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து விடை கண்டிருக்கலாம். கல்யாண வீட்டில் தாய்மாமன், அண்ணன் தம்பி கோபித்துக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தாமதமாக வந்த அண்ணன் கதை அவ்வாறு பிறந்திருக்கலாம்.

மக்கள் பங்கேற்பு

அழகர்கோயில் விழாவில் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களின் உழவர், ஆயர், கள்ளர் முதலிய பல சமூகத்தார் உரிமையோடு பங்கேற்கின்றனர். பேராசிரியர் தொ. பரமசிவன் தமது 'அழகர் கோயில்' ஆய்வு நூலில் இந்த உறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். நேர்ந்துகொண்டவர்கள் அழகர் போலவும் கருப்பசாமி போலவும் வேடமிட்டு வருவர். தோல் பையில் நீர் நிரப்பி அழகர் மீது பீய்ச்சுவர். இது கோடை வெப்பம் தணிய என்பர். செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றி வழிபடுவர். வைகையில் நீர் குறைந்துவிட்டதால் இப்போது விழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது.

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அழகர் மதுரைக்கு வரவில்லை. சடங்குகள் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தன. மண்டூக முனிவருக்கு மோட்சம் கிடைத்தது; ஆனால் ஆற்றங்கரையில் காத்திருக்கும் மக்களுக்கு அழகர் தரிசனம் கிடைக்கவில்லை. 2022இல் அவர் மீண்டும் ஆற்றில் இறங்கினார்.

ஒரு திருவிழாவைப் படிக்கும் மாணவர்கள், புராணம், வரலாறு, மக்கள் கதை ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று உண்மை, மற்றவை பொய் என்று தள்ளுவதற்கில்லை. சடங்கு ஏன் நடக்கிறது என்பதைப் புராணமும், இந்த ஊரில் இந்த மாதத்தில் ஏன் நடக்கிறது என்பதை வரலாறும், மக்கள் அதைத் தங்கள் குடும்பத்து நிகழ்ச்சியாக ஏன் கருதுகிறார்கள் என்பதை மக்கள் கதையும் விளக்குகின்றன.