பழைய பனியன் கயிறாகும்... தெரியுமா?

வீட்டையும் கம்ப்யூட்டர் மேசையையும் ஒழுங்காக வைக்க எதையும் கடையில் வாங்க வேண்டாம்! அதற்கான வித்தைகள் நம் கொங்கு மண்ணிலேயே கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

இழுத்தால் கயிறு!
பழைய பனியன் ஒன்றை எடுங்கள். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியை ஒரு அங்குல அகலத்தில் குறுக்கே வளையம் வளையமாக வெட்டுங்கள். வளையத்தை ஓரிடத்தில் நறுக்கி, இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு! ஓரங்கள் தாமாகவே சுருண்டு, கண்முன்னே உருண்டைக் கயிறாகிவிடும்! காரணம் தெரியுமா? திருப்பூர் பனியன் துணி தறியில் நெய்வதல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னுவது. அந்தக் கண்ணிகளின் இழுவிசைதான் ஓரத்தைச் சுருட்டுகிறது. சார்ஜர், மவுஸ், ஸ்பீக்கர் வயர்களை இதனால் கட்டுங்கள். வயர் நசுங்காது, எத்தனை முறை வேண்டுமானாலும் அவிழ்த்துக் கட்டலாம்!

காற்றே காவல்!
பல்லடம், பொங்கலூர்ப் பக்கத் தோட்டங்களில் சின்ன வெங்காயத்துக்குப் 'பட்டறை' போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் படாமல் கல் வைத்து உயர்த்தி, பக்கங்களில் காற்று நுழைய வழிவிட்டு, மேலே ஓலை வேய்வார்கள். அவ்வளவுதான்! மின்சாரமே இல்லாமல் வெங்காயம் மாதக்கணக்கில் தாங்கும்! உங்கள் அடுக்களையிலும் ஓட்டைக் கூடையை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். குட்டிப் பட்டறை தயார்! உருளைக்கிழங்கை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

கம்ப்யூட்டருக்கும் பட்டறை!
வெங்காயத்தைப் போலவே கம்ப்யூட்டருக்கும் காற்று வேண்டும்! சோமனூர் போல விசைத்தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத்தூசி தரையோடு தரையாகப் பறக்கும். தரையில் வைத்த சி.பி.யு. அதையெல்லாம் உறிஞ்சி, ஃபேன் அடைத்து, சூடேறும். சி.பி.யு.வையும் செங்கல் மேல் பலகை போட்டு ஏற்றுங்கள். சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்!

செம்மண் கவசம்!
துவரையை நம் பாட்டிமார் செம்மண் குழம்பில் புரட்டி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, வெயிலில் காயவைத்த பிறகே சேமித்தார்கள். ஏன்? பயறு வண்டு தன் முட்டையைத் தோலின் மேல்தான் ஒட்டும். மண் பூச்சு அந்தத் தோலையே மறைத்துவிடுகிறது!

வண்டு தானாக விழும் குழாய்!
கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இன்னொரு அதிசயம் செய்திருக்கிறது. தானியத்து வண்டுகள் காற்றோட்டத்தைத் தேடி நகரும் இயல்புடையவை. அந்த ஒரே குணத்தை வைத்து, 2 மி.மீ. துளைகள் போட்ட ஒரு குழாய்ப் பொறியை உருவாக்கினார்கள். தானியத்தில் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே உள்ளே விழுந்து சிக்கிக்கொள்ளும்! இந்தப் பொறிக்கு மருந்தே தேவையில்லை!

வருடம் முதலில்!
2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழக அரசு கணினித் தமிழுக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆகவே 'வீட்டுப் பத்திரம்', 'மின் கட்டணம்' என்று ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள்! ஃபைல் பெயரின் தொடக்கத்தில் தேதியை 14-03-2025 என்று எழுதினால் எல்லா வருடத்து 14-ம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். 2025-03-14 என்று வருடத்தை முதலில் எழுதிப் பாருங்கள். ஃபைல்கள் தாமாகவே காலவரிசையில் நின்றுகொள்ளும்!

இத்தனைக்கும் ஆன செலவு? சில செங்கல், ஒரு பலகை, கொஞ்சம் செம்மண், கிழிந்த பனியன். ஒழுங்கு விலைக்கு வருவதல்ல, கையால் செய்வது. இந்த ஞாயிற்றுக்கிழமை அட்டாலியில் கிடக்கும் பழைய பனியனை இறக்குங்கள். டிவிக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கும் வயர்களில் ஆரம்பியுங்கள்!