இரண்டு பாலங்களும் இரண்டு கணக்குகளும்

முன்னேஸ்வரத்தில் ஆண்டு உற்சவம் நடைபெறும் ஆவணி மாதத்திலே, கொழும்புப் பக்கத்து அடியார்கள் இரு வழிகளால் வந்து சேருவது நெடுங்கால வழக்கம். ஒரு சாரார் புகைவண்டியிற் சிலாபம் வந்திறங்கி, எஞ்சிய இரண்டு மைல் அளவான தூரத்தைப் பஸ்ஸிலோ கால்நடையாகவோ கடப்பர். மற்றொரு சாரார் புத்தளம் வீதி வழியே தனியார் பஸ்ஸில் வருவர். கோயில் வாசலில் இருவரும் ஒன்றே. அரசாங்கத்தின் கணக்கேட்டிலோ இருவரும் ஒன்றல்லர். புகைவண்டியில் வந்தவர் திறைசேரிக்கு நட்டம் விளைவித்தவர். பஸ்ஸில் வந்தவர் அவ்வாறு எண்ணப்படுவதில்லை. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்பதை நேயர்கள் சற்று ஆராய்ந்து பார்த்தல் தகும்.

இக்கரையோரத்தில் போக்குவரத்துப் போட்டி புதியதொன்றன்று. ஒருகாலத்தில் புத்தளத்து உப்பும் இப்பகுதித் தென்னந்தோட்டங்களின் விளைபொருளும் ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் கால்வாயிலே படகேறிக் கொழும்புக்குச் சென்றன. இருப்புப்பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. படகுகள் ஒதுங்கின. ஆனால் புத்தளத்திற்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்த அக்காலத்திலேயே மோட்டார் வண்டியும் வீதிக்கு வந்துவிட்டது. தோட்ட வாசலில் ஏற்றிய கொப்பராவைக் கொழும்புக் கடை வாசலிலேயே இறக்கிவிடும் லொறியுடன், ஒரே மூட்டையை இருமுறை ஏற்றி இருமுறை இறக்க வேண்டிய புகைவண்டி எவ்வாறு போட்டியிடும்? மலைநாட்டில் நானுஓயாவிலிருந்து இராகலைக்குச் சென்ற சிறுபாதை வீதிப் போட்டியைத் தாங்கமாட்டாது 1948இல் மூடப்பட்டது.

இதுவரை சொன்னது வாகனங்களின் போட்டி. வழியின் கணக்கு வேறு. சிலாபத்துக்கு வடக்கே தெதுறு ஓயாவைக் கடக்க வீதிக்கு ஒரு பாலம் உண்டு; இருப்புப்பாதைக்கும் ஒரு பாலம் உண்டு. ஆறு ஒன்றே, வெள்ளமும் ஒன்றே. வீதிப் பாலத்தைப் பேணும் செலவு வீதி அபிவிருத்தி அதிகாரசபையைச் சாரும். அது எந்தப் பஸ் முதலாளியின் கணக்கிலும் ஏறாது. இருப்புப்பாதைப் பாலத்தின் செலவோ, தண்டவாளம், சிலிப்பர் கட்டை, சமிக்ஞை, கடவை காப்போன் சம்பளம் ஆகியவற்றோடு சேர்ந்து புகையிரதத் திணைக்களத்தின் ஏட்டிலே விழும். பின்னர் அவ்வேட்டைப் பார்த்து, “புகைவண்டி நட்டம், லொறி இலாபம்” என்று தீர்ப்புக் கூறுகிறோம்.

லொறிக்காரரும் எரிபொருளுக்கு வரி கொடுக்கிறாரே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவ்வரி அவர் வீதிக்கு விளைக்கும் தேய்வின் அளவுக்கேற்ப அறவிடப்படுவதன்று. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்திய வீதிச் சோதனையில், ஓர் அச்சின் பாரம் இருமடங்கானால் வீதியின் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று கண்டனர். எரிபொருளோ 16 மடங்கு செலவாவதில்லை. எஞ்சியதைக் கொடுப்பவர், வாகனமே இல்லாத குடிமகனுஞ் சேர்ந்த பொதுமக்கள்தாம்.

இச்சிக்கலை அவிழ்க்க வழியையும் வண்டியையும் வேறாக்கிப் பார்த்த நாடுகள் உள. சுவீடன் 1988இல் தண்டவாளத்தை வீதியைப் போல அரசின் பொறுப்பாக்கி, வண்டி ஓட்டுவதைத் தனியே பிரித்தது. ஐரோப்பிய சமூகம் 1991இல் இவ்விரு கணக்குகளையும் பிரித்தெழுதுமாறு விதித்தது. பிரித்தானியா ஒரு படி மேலே சென்று, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தண்டவாளத்தையே தனியார் கம்பனியிடம் ஒப்படைத்தது. அக்கம்பனி 2001இல் நொடித்துப்போக, அரசின் பொறுப்பிலான நிறுவனமொன்று 2002இல் அதனை ஏற்றது. பயணிகள் சேவைகளையும் படிப்படியாக அரசுடைமையாக்க 2024இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பண்டங்களை ஏற்றும் வண்டிகளிலே தனியார் போட்டி அந்நாட்டில் நிலைத்துவிட்டது. இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. கற்குவியலைக் கொண்டுபோக இரு கம்பனிகள் விலை கூறலாம். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் எழுதுவினைஞருக்கு முன்னே நிற்கும் வண்டி எப்போதும் ஒன்றுதான்.

இலங்கையிலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. திணைக்களத்தை அதிகாரசபையாக்க 1993இல் சட்டம் வந்தும் அது திணைக்களமாகவே நிலைத்தது. 2011இல் தனியார் நிறுவனங்களின் சொகுசுப் பெட்டிகள் அரச வண்டிகளிற் கோக்கப்பட்டன. வசதியுள்ள பிரயாணிக்கு அது நல்ல ஏற்பாடே. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிரயாணியின் கணக்கை அது தொடவில்லை.

புத்தளப் பாதையில் போட்டி என்பதன் எல்லையையும் உணர வேண்டும். நீர்கொழும்புக்கு வடக்கே அது ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு வழிவிட நிலையத்திற் காத்திருக்க வேண்டிய பாதையில் பல கம்பனிகளை ஓடவிடுதல் வீண் ஆசை. ஆயினும் அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரத் தண்டவாளமே தெரிவு செய்யப்பட்டது. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு நாள்தோறும் செல்லும் பெரும்பாரத்தில் லொறி புகைவண்டிக்கு ஈடன்று. நூறு தோட்டங்களிற் சிதறிய கொப்பராவை மீண்டும் வண்டியேற்ற முயல்வதைவிட, இத்தகைய பாரங்களுக்கு நியாயமான கட்டணம் வாங்கித் தனியாருக்கும் பாதையைத் திறப்பதே அறிவுடைமை.

பருவச்சீட்டுப் பிரயாணியின் சலுகையோ வேறு வகையானது. அதனை நிறுத்துமாறு கூறுவோர், அவர் பஸ்ஸுக்கு மாறினால் வீதியில் கூடும் நெருக்கடிக்கு விலை எழுதுவதில்லை. சலுகை வேண்டுமெனில், இன்ன வண்டிக்கு இன்ன தொகை என்று திறைசேரி வெளிப்படையாக எழுதிக் கொடுக்கட்டும். வழியின் செலவை வீதியின் செலவைப் போலவே பொதுப்பணம் ஏற்கட்டும். இவ்விரண்டையும் கழித்த பின்னரும் ஏட்டில் நட்டம் நின்றால், அது வீணாய் எரிந்த எண்ணெய்க்கும், பழுதுபார்க்காது நின்ற இயந்திரத்துக்கும், பிந்திப் புறப்பட்ட வண்டிக்கும் உரியது. அதற்குத் திணைக்களமே பதில் கூறவேண்டும்.