உடுக்கையும் கதையும்

நெடும்பாட்டுக்கு உயிர் கதையா, இசையா?

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில், சிறுவயதில் அண்ணன்மார் கதை கேட்ட இரவுகளில் இந்த ஐயம் எனக்கு எழுந்தது. உடுக்கை முழங்கும்போது நான் அதில் மயங்கிக் கதையைத் தவறவிடுவேன். பாடகரோ சற்றே உடுக்கையை நிறுத்தி, பாடியதை வசனமாகவும் கூறுவார். விட்ட இழை மீண்டும் கைக்கு வரும்.

1965-இல் பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் காங்கேயம் வட்டாரத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தபோது, அது 18 இரவுகள் நீண்டது. வெறும் தாளம் அத்தனை இரவுகள் நம்மை அமர்த்துமா? அடுத்து என்ன நேரும் என்னும் ஆவலே அமர்த்துகிறது.

ஆயினும், பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்கை புலம்பும் இடத்தில் வசனம் போதாது. நடந்ததை அது அறிவிக்கும், இசையே அழவைக்கும். அன்று நானும் அழுதேன். கதை வழி காட்டட்டும். இசை உடன் வரட்டும்.