தோட்டத்துச் சொல்லுக்கும் ஓர் அகராதி

அகராதி என்றதும் பண்டிதர்கள் கூடி எழுதும் பெரிய புத்தகம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அத்தகையது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. ஆயினும் உழவர் நாவில் வழங்கிய எத்தனையோ சொற்கள் அதில் இடம்பெறவில்லை.

அக்குறையைப் போக்க முன்வந்தவர், கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் கிராமத்து விவசாயியும் எழுத்தாளருமான கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். நண்பர்கள் திரட்டித் தந்த சொற்களையும் சேர்த்து, கரிசல் மக்களின் பேச்சுக்கு 1982இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். பின்னர் 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தந்த கண்மணி குணசேகரன், அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை செய்த தொழிலாளி.

நம் பேராக்கிலும் இதற்குச் சான்று உண்டு. தாப்பா, பீடோர், கோப்பேங் பக்கத்து மலையோரங்களில் வாழும் செமாய் மக்களை நாம் அறிவோம். அவர்களின் மொழி தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே வாழ்ந்து வந்தது. பஸ்ரிம் பின் ஙா ஆச்சிங் தொகுத்த செமாய்-மலாய் அகராதி 2008இல் அச்சேறியது.

அப்படியானால் நம் தோட்டத்துச் சொற்கள் என்னாவது? காலையில் ஆள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் 'பெரட்டு'. பால்மரக் காடு 'தீம்பார்'. கெத்தா என்ற மலாய்ச் சொல் நம் வாயில் 'கித்தா' ஆயிற்று. சாலை 'சடக்கு'. காலை உணவு உண்பது 'பசியாறுவது'. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. வேலை மறைந்தால் அதைச் சார்ந்த சொல்லும் மறையும். பெரட்டுக்கே போகாத பேரப்பிள்ளைக்கு அச்சொல் எதற்குத் தேவைப்படும்?

ஆகவே, சொற்களைத் தொகுப்பது எப்படி என்று பார்ப்போம். ஒரு சொல்லுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுத வேண்டும். கொச்சை என்று திருத்தலாகாது. பொருளை எழுதி, அச்சொல் வரும் ஒரு வாக்கியத்தையும் அவர் வாயாலேயே கேட்டுச் சேர்க்க வேண்டும். சொன்னவரின் வயது, தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே பொருளுக்கு வேறு தோட்டத்தில் வேறு சொல் இருந்தால், இரண்டையும் எழுத வேண்டும். தாள்கள் சேர்ந்தபின் அகர வரிசையில் அடுக்கினால் அகராதிக்கு அடித்தளம் ஆயிற்று.

இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பால்வெட்டிய கைகளும் எழுதக் கற்ற பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.