கொலை முகாமில் உயிர் காத்த 'செல்லோ'!
69388-ம் நம்பர் கைதியின் கதை

பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அனிதா லாஸ்கர் 1925-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இப்போது போலந்து) பிறந்த யூதப் பெண். அப்பா வக்கீல். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். அம்மா வயலின். அனிதா எடுத்தது 'செல்லோ'.

செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் நடுவே நிறுத்தி வில் போட வேண்டும். ஆம்பிளைக் குரல் மாதிரி கனத்த நாதம்.

இட்லர் ஆட்சி. யூதப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க ஊரில் வாத்தியார் கிடைக்கவில்லை. 13 வயதில் பெர்லினுக்கு அனுப்பினார்கள். 1938 நவம்பரில் யூதர்களின் கோவில்கள் கொளுத்தப்பட்டன. படிப்பு பாதியில் நின்றது.

1942-ல் அப்பா, அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. அனிதாவுக்கும் அக்காள் ரெனேட்டுக்கும் காகித ஆலையில் கட்டாய வேலை. அங்கிருந்த பிரெஞ்சுக் கைதிகள் தப்பி ஓட, இருவரும் கள்ளச் சீட்டு தயார் பண்ணிக் கொடுத்தார்கள். தாங்களும் ஓடப் பார்த்தபோது ரெயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஜெயில்!

"நீ பிழைச்சே!"

1943 டிசம்பர். ஆஷ்விட்ஸ் கொலை முகாம். 18 வயதுப் பெண்ணுக்கு மொட்டை போட்டு, கையில் 69388 என்று பச்சை குத்தினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களும் கைதிகள்தான். ஒருத்தி பேச்சுவாக்கில், வெளியே என்ன பண்ணிக்கிட்டிருந்தே என்று கேட்டாள். செல்லோ வாசிச்சேன் என்றாள் அனிதா. அப்படின்னா நீ பிழைச்சே என்றாளாம் அவள்!

முகாமில் பெண் கைதிகளின் வாத்தியக் குழு இருந்தது. தலைவி, வியன்னாவின் வயலின் கலைஞர் ஆல்மா ரோசே. வயலின், மாண்டலின், அக்கார்டியன் எல்லாம் உண்டு. கனத்த சுருதிக்குத்தான் ஆள் இல்லை!

காலையில் கைதிகள் வேலைக்குப் போகும்போதும், மாலையில் திரும்பும்போதும் வாசலில் உட்கார்ந்து அணிவகுப்பு மெட்டு வாசிக்க வேண்டும். கூலி, உயிர். கைதிகளை அறுத்து ஆராய்ச்சி நடத்திய டாக்டர் மெங்கலேகூட ஒருநாள் வந்து, ஷூமனின் 'டிராய்மெரை'யைக் கேட்டுவிட்டுப் போனான்.

காட்டிக்கொடுத்த ஷூ

வந்த அன்றே அனிதாவின் ஷூவை ஒரு கைதிப் பெண் கேட்டு வாங்கியிருந்தாள். எப்படியும் பிடுங்கத்தானே போகிறார்கள்! பிறகு வந்து இறங்கிய ரெனேட், அவள் காலில் அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். விசாரித்தால், தங்கை அதே முகாமில்!

1944 நவம்பரில் இருவரையும் பெல்சன் முகாமுக்குத் தள்ளினார்கள். அங்கே வாத்தியமும் இல்லை, சோறும் இல்லை. எங்கு பார்த்தாலும் பிணம். 1945 ஏப்ரல் 15-ந் தேதி பிரிட்டிஷ் படை வந்தது. அதே ஆண்டு, முகாம் அதிகாரிகள் மீதான வழக்கில் அனிதா சாட்சி சொன்னார்.

1946-ல் இங்கிலாந்து. விட்ட பாடத்தை லண்டனில் மறுபடி தொடங்கினார். இங்கிலீஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கியவர்களில் ஒருவரானார். (ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வீட்டு மெல்லிசை நினைவுக்கு வரக்கூடாது.) ஒத்திகை, கச்சேரி, வெளிநாட்டுப் பயணம் என்று பல்லாண்டு உத்தியோகம். ஜெர்மனிக்கு மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். 1994-ல்தான் அந்த மண்ணில் மறுபடி கால் வைத்தார்.

கணவர் பீட்டர் வால்ஃபிஷ் பியானோ கலைஞர். மகன் ரஃபேல் கையில் எடுத்ததும் செல்லோதான்.

2018 ஜனவரி 31-ந் தேதி ஜெர்மன் பாராளுமன்றத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அனிதா பேசினார். அப்போது அவருக்கு வயது 92.